தூறல் விழுந்தால் யார் முடிவெடுப்பது? பைக் பந்தயம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பந்தயம் நடத்துகிற பெரியவர்களுக்கு, வணக்கம்.

பதினோரு வருடமாக என்ட்ரி கட்டணம் கட்டி ஓட்டுகிற ஒருவன் எழுதுகிறேன். வீட்டில் கோப்பை என்று இரண்டு இருக்கிறது, இரண்டும் மூன்றாம் இடம். வாரநாட்களில் அம்பத்தூரில் லேத் பட்டறை, பந்தயம் இருக்கிற சனி ஞாயிறுகளில் லெதர் சூட். பந்தயம் தொடங்க வண்டிகள் வரிசையாக நிற்கிற உங்கள் கிரிட்டின் பின்வரிசைகளை நிரப்புவது என் மாதிரி ஆட்கள்தான். ஸ்பான்சர் கிடையாது. விழுந்தால் ஃபேரிங்கும் (வண்டியின் வெளிமூடி) கிளிப்-ஆனும் (கைப்பிடி) சொந்தக் காசு, திங்கட்கிழமை காலை பட்டறையும் திறந்தாக வேண்டும்.

மழையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மழை வந்தால் பந்தயத்தை நிறுத்துங்கள் என்று கேட்க வரவில்லை. எனக்கு மழையில் ஓட்டப் பிடிக்கும். காய்ந்த ட்ராக்கில் என்னைவிட நல்ல இன்ஜின் வைத்திருப்பவன் நேர்பாதையிலேயே காணாமல் போய்விடுவான். நனைந்த ட்ராக்கில் அவனுடைய கூடுதல் குதிரைசக்தி பாதிக்கு மேல் வீண், மணிக்கட்டு எவ்வளவு பதமாகத் திரும்புகிறது என்பதுதான் கணக்கு. என் இரண்டு மூன்றாம் இடங்களில் ஒன்று மழை கொடுத்தது.

என் குறை ஒன்றே ஒன்று. வானம் இருட்டியதும் உங்கள் பக்கத்திலிருந்து வருகிற அந்த வாக்கியம்: “இஷ்டப்பட்டவங்க ஓட்டலாம், வேண்டாம்னா விலகிக்கலாம்.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் பல வருடம் நியாயமாகத்தான் பட்டது. ஒரு பையன் என் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கும் வரை.

அந்தக் கதைக்கு முன் இன்னொன்று. சின்ன வயதில் அப்பா என்னைச் சோழவரத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். பழைய யுத்தகால விமான ஓடுதளம், வைக்கோல் கட்டுகள், கூட்டம், புழுதி. மழையில் நனைந்ததாக ஒரு ஞாபகமும் இல்லை, ஏனென்றால் பந்தயம் பிப்ரவரியில். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டருக்கு ஒழுங்கான ட்ராக் வந்தது, பிறகு கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் ஒன்று வந்தது, பந்தயங்கள் பெருகின. பெருகியதில் சந்தோஷம்தான். ஆனால் இப்போது சீசன் சாதாரணமாக ஜூனில் தொடங்கி ஐப்பசி வரை இழுக்கிறது. சென்னைப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடி மழை வழக்கம். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், சென்னையின் வருட மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கொட்டுகிறது. காலண்டரை மழைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, மழையை எதிர்பாராத விருந்தாளி மாதிரி நடத்துகிறோம்.

சரி, அந்த நாள். எந்த ட்ராக், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம், யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை.

மதியம் மூன்றரை இருக்கும். எங்கள் பந்தயம் கடைசிக்கு முந்தையது. காலையிலிருந்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, கிரிட்டுக்குப் போகும்போது தூறல் ஆரம்பித்தது. கொட்டவில்லை, தூறல்தான். ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், கொட்டுகிற மழையைவிட இதுதான் பொல்லாதது. வெயிலில் வாரக்கணக்காகக் கிடந்த தாரின் மேல் ரப்பர் தூள், எண்ணெய்ச் சொட்டு, தூசி எல்லாம் இருக்கும். முதல் தூறல் அவற்றைக் குழைத்துப் பசையாக்கிவிடும். நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் பிடிப்பு கொஞ்சம் திரும்பி வரும். அதற்கு முந்தைய கால் மணி நேரம்தான் ஆளைச் சாய்க்கும்.

என் வண்டிக்கு முன்னால் கிரிட் பெட்டியின் வெள்ளைக் கோடு. அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, ஒரு ஓரத்தில் எண்ணெய் வானவில் போட்டிருந்தது. பக்கத்து வரிசையில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், அவனுக்கு இரண்டாவது பந்தயம். ஒரு ஆள் வரிசையாக வந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார். பையன் வைசரைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

“அண்ணே, டயர் பிடிக்குமா?”

அவனுடைய அப்பா, வண்டிகளைத் தயார்செய்கிற பிட்டின் சுவர் ஓரம் குடை பிடித்து நிற்கிறார். என்ட்ரி கட்டணத்துக்கு அவர் யாரிடம் கைமாற்று வாங்கினார் என்று காலை டீ குடிக்கும்போது பையனே சொல்லியிருந்தான். பின்னால் இருபது வண்டி உறுமுகிறது. இந்த நிலையில் அவன் கையைத் தூக்கி “நான் விலகிக்கிறேன்” என்பானா? முப்பது தாண்டிய நானே சொல்லவில்லை.

“பிடிக்கும்டா. முதல் ரெண்டு லேப் பாத்துப் போ,” என்றேன்.

மூன்றாவது வளைவு. என் கண் முன்னால்தான். பிரேக்கைப் பிடித்தபடியே வண்டியைச் சாய்த்தான், முன் டயர் பிடிப்பை விட்டுவிட்டது. சத்தமே இல்லை, வண்டி கீழே படுத்து அவனுக்கு முன்னால் சறுக்கிக்கொண்டே போனது. காரை எலும்பு முறிவு, இடது மணிக்கட்டில் விரிசல். பெரிய ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். அடுத்த வருடம் அவன் வரவில்லை. நான் சொன்ன “பிடிக்கும்டா” இன்னும் காதில் இருக்கிறது. தவறு என்னுடையதும்தான், மறுக்கவில்லை.

அவன் செய்தது முட்டாள்தனம் என்று அன்றைக்கே பிட்டில் சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலைப் பயிற்சியில் என்ன கற்றானோ அதைத்தான் செய்தான். ஆனால் காலையில் நல்லதாக இருந்த அத்தனையும் தூறலில் தலைகீழாகிவிடுகிறது. எல்லோரும் போய்ப் போய்த் தேய்ந்த பாதை, உலர்ந்தபோது பிடிப்பு தருகிற ரேஸிங் லைன்தான் நனைந்தால் அதிகம் வழுக்குவது, காரணம் அங்கேதான் ரப்பர் படிந்திருக்கிறது. அதைவிட்டு விலகி, வழக்கமாக யாரும் போகாத சொரசொரப்பான தாரைத் தேட வேண்டும். வளைவு ஓரத்துக் கெர்ப்பின் பெயின்ட்டைத் தொடவே கூடாது. வண்டியைக் குறைவாகச் சாய்த்து உடம்பை அதிகம் வெளியே தள்ள வேண்டும். பிரேக்கை முதலில் மெதுவாகத் தொட்டு, எடை முன்னால் வந்த பிறகுதான் அழுத்த வேண்டும். டயர் காற்றைக் கூட்டுவதா குறைப்பதா என்று கேட்டால் நாலு மெக்கானிக் ஐந்து பதில் சொல்வார்கள், அந்த வம்புக்கு நான் வரவில்லை.

பிரேக் கணக்கை மட்டும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள். 120 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி, உலர்ந்த தாரில் முழுப் பிடிப்போடு நிற்க ஏறத்தாழ 57 மீட்டர் போதும். பிடிப்பு பாதியானால் 113 மீட்டர். காலை முழுக்க, வளைவுக்கு நூறு மீட்டர் என்று காட்டுகிற பலகையைப் பார்த்து பிரேக் பிடித்துப் பழகியவனுக்கு, மதியம் அந்தப் பலகை பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. அது எவ்வளவு பொய் சொல்கிறது என்பது நனைந்த ட்ராக்கில் சும்மா இரண்டு லேப் உருட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த இரண்டு லேப்பை அன்று எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. இருந்தது ஒரே ஒரு வார்ம்-அப் லேப், அதுவும் தூறல் தொடங்குவதற்கு முன் போய் வந்தது.

“உலகமே மழையில் ஓட்டுது, நீங்க என்ன” என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். உலக பைக் பந்தயமான மோட்டோஜிபியில் பந்தயம் உலர்ந்ததா நனைந்ததா என்பதை அறிவிப்பது ரேஸ் டைரக்‌ஷன் என்கிற அதிகாரிகள் குழு, ஓட்டுகிறவன் இல்லை. நடுவில் மழை வந்தால் வெள்ளைக் கொடி காட்டி, மழை டயர் போட்ட இரண்டாவது வண்டிக்கு மாற விடுகிறார்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் முதல்முறையாக அப்படி மாறி ஓட்டி மெலாண்ட்ரி ஜெயித்தார். எங்களிடம் இரண்டாவது வண்டி கிடையாது. பலரிடம் இரண்டாவது செட் டயரே கிடையாது. 2022-இல் இந்தோனேசியாவின் மண்டலிகாவில் மழை வெளுத்து வாங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். மழையை நிறுத்த ஒரு அம்மா கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு பிட் லேனில் நடந்தார், அதையும் டிவியில் காட்டினார்கள். பிறகு மழைப் பந்தயம் என்று அறிவித்தே தொடங்கினார்கள், ஒலிவேரா ஜெயித்தார். நேரமாகிவிட்டது என்று யாரும் ஓட்டுகிறவர்களை அவசரப்படுத்தவில்லை.

அதற்கு நாலு வருடம் முன்னால், 2018 ஆகஸ்ட், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன். அந்த ட்ராக்குக்கு அதே வருடம்தான் புதுத் தார் போட்டிருந்தார்கள், தண்ணீர் வடியவில்லை. சனிக்கிழமைப் பயிற்சியில் ஒரே இடத்தில் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரில் மிதந்து ட்ராக்கைவிட்டு வெளியேறினார்கள். விழுந்து எழுந்து நின்ற டிட்டோ ரபாட் என்கிற ஓட்டுநர் மீது, பின்னால் வந்து விழுந்த இன்னொருவரின் வண்டி மோதியது. வலது கால் பல இடங்களில் முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை மழையில் பார்வையாளர்கள் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர்கள் கூடிப் பேசினார்கள், பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள், பந்தயம் ரத்து. 1980-இல் ஆஸ்திரியாவில் பனி விழுந்து ரத்தான பிறகு, வானிலையால் ஒரு பந்தயம் ரத்தானது அதுதான் முதல்முறை. டிக்கெட் வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அடுத்த வருடம் மறுபடி தார் போட்டார்கள், பந்தயம் திரும்பி வந்தது.

இதில் நான் கவனிப்பது ரத்தானதை அல்ல. உலகத்திலேயே திறமையான இருபத்து சொச்சம் பேர், நல்ல மழை டயர் வைத்திருப்பவர்கள், அவர்களிடமே “இஷ்டப்பட்டவங்க ஓட்டுங்க” என்று தனித்தனியாகக் கேட்கவில்லை. கூடிப் பேசினார்கள், பிறகு எல்லோருக்கும் சேர்த்து ஒரே முடிவு. தனியாகக் கேட்டிருந்தால் பாதிப் பேர் போயிருப்பார்கள், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவன் போகிறான். பத்தொன்பது வயதுப் பையனுக்கும் உலக சாம்பியனுக்கும் அதில் வித்தியாசம் இல்லை.

அதனால் என் கோரிக்கை. மழை நடைமுறை என்று ஒரு பக்கம் எழுதி, போட்டித் தொடரின் ஒவ்வொரு சுற்றுக்கும் நீங்கள் அனுப்புகிற விதிமுறைத் தாளோடு சேர்த்து அனுப்புங்கள். கிரிட்டில் நிற்கும்போது தூறினால் ஸ்டார்ட் தள்ளிப்போகும், நனைந்த ட்ராக்கில் இரண்டு லேப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் விளக்கு அணையும் என்று அதில் இருக்க வேண்டும். இடையில் மழை வந்தால் ரெட் ஃப்ளாக் காட்டி நிறுத்தம், பிறகு மறுபடி ஸ்டார்ட். ஒரே வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது. புதிதாக ஓட்டுகிறவர்களின் நோவிஸ் பிரிவுக்கு மட்டும் இன்னும் கண்டிப்பு வேண்டும்: நனைந்த ட்ராக்கில் ஒரு தடவையாவது பயிற்சி செய்யாதவனுக்கு மழைப் பந்தயம் கிடையாது. வெயில் நாளில்கூடத் தண்ணீர் லாரி விட்டு ஒரு மூலையை நனைத்து அந்தப் பயிற்சியைக் கொடுக்க முடியும். லாரிக்கு ஆகிற செலவை எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம்.

அப்புறம், விலகுகிறவனுக்குக் கட்டணத்தில் பாதியாவது திருப்பிக் கொடுங்கள். கைமாற்று வாங்கி வந்தவனுக்கு, போட்ட பணம் போய்விடும் என்கிற பயம் எலும்பு முறிகிற பயத்தைவிடப் பெரியது. கேவலம்தான், ஆனால் அதுதான் நிஜம்.

முடிவை யார் எடுப்பது? பந்தயத்தின் தலைமை அதிகாரியான கிளார்க் ஆஃப் தி கோர்ஸ் எடுக்கட்டும். ஆனால் கண்ட்ரோல் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்து எடுக்க வேண்டாம். ட்ராக்கின் கோடியில் கொடியோடு நிற்கிற மார்ஷலிடம் வாக்கி-டாக்கியில் கேட்டுவிட்டு எடுக்கட்டும். எந்த வளைவில் எவ்வளவு பெய்தால் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்பது அந்த மார்ஷல்களுக்கு மனப்பாடம். சுட்டெரிக்கிற வெயிலில் காலையிலிருந்து அங்கேயே நிற்பவர்கள் அவர்கள். நானறிந்தவரை அவர்களை யாரும் கேட்டதில்லை.

உங்கள் சிரமம் தெரியாமல் இல்லை. மாலை ஐந்தரைக்கு மேல் வெளிச்சம் போய்விடும், ஆம்புலன்ஸ்காரர் நேரத்துக்குக் காசு கேட்பார், ஸ்பான்சருக்கு மேடையில் ஷாம்பெயின் தெளிக்கிற படம் வேண்டும். பட்டறை நடத்துகிறவன் நான், ஒரு நாள் தள்ளிப்போனால் எவ்வளவு நஷ்டம் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மழைக் காலத்து அட்டவணையில் சாயங்காலம் ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மழை வராத நாளில் சீக்கிரம் வீட்டுக்குப் போவோம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இந்தப் பக்கத்தை எழுத ஆள் வேண்டுமென்றால் நானும் என்னோடு ஓட்டுகிற நாலைந்து பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருகிறோம். மழை நாளில் மார்ஷல் போஸ்ட்டுக்கு ஆள் குறைந்தாலும் கூப்பிடுங்கள். நான் ஓட்டாத சுற்றுகளில் வந்து கொடி பிடிக்கிறேன். மூன்றாவது வளைவில் நிறுத்துங்கள். ரெயின்கோட் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பின்வரிசையிலிருந்து ஒருவன்