முனை கட்டாத பின்னல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்டுநூல் வளையலுக்கு அடுத்தபடியாக, ஜப்பானியர்களின் 'குமிஹிமோ' பின்னலில் கைச்சங்கிலி செய்ய எங்கள் பள்ளிப்பட்டு, நகரி பக்கம் ஆர்வம் கூடியிருக்கிறது. பயிற்சி வகுப்புகளோ பின்னலோடு நின்றுவிடுகின்றன. நகை கெடுவது முனையில்.

ஜப்பானில் வாளுக்கும் கவசத்துக்கும் கட்டிய கயிறு இது. 1876-இல் வாள் அணியத் தடை வந்தபின், கிமோனோவின் இடைக்கச்சைக் கட்டும் கயிறாகப் பிழைத்தது. இன்று நகையானால் குற்றமில்லை. நம் அரைஞாண் கயிறு முறுக்கு, இது பின்னல். அந்த வித்தியாசம் புரியாமல் தொடங்கினால் கை குழம்பும்.

விளிம்பில் 32 வெட்டுள்ள ஃபோம் தட்டு போதும். ஒன்றரை மீட்டர் நூல் நான்கை நடுவில் சேர்த்துக் கட்டினால் எட்டு முனை. அவற்றை மேல், கீழ், இடம், வலம் என இரண்டிரண்டாக மாட்டுங்கள். மேல் ஜோடியின் வலது நூலை இறக்கிக் கீழ் ஜோடிக்கு வலப்புறம் செருகுங்கள். கீழே இடது ஓரத்து நூலை ஏற்றி, மேலே இருப்பதற்கு இடப்புறம் செருகுங்கள். தட்டைக் கால் சுற்று திருப்பி அதையே தொடருங்கள். திருப்பும் திசை மாறினால் அந்த இடத்தில் பின்னல் பள்ளமாகத் தெரியும். பாதியில் எழுந்து போவதாக இருந்தால் முதல் நூலை இறக்கியதோடு நிறுத்துங்கள். கீழே மூன்று நூல் நிற்கும், விட்ட இடம் தெரியும். நடுத் துளையில் தொங்கும் பின்னலில் 50 கிராம் எடை கட்டாவிட்டால் ஓரிடம் இறுகி ஓரிடம் தளரும். மணி கோத்தால், ஒவ்வொரு மணியும் குறுக்கே கிடக்கும் நூலுக்கு அடியில் சிக்க வேண்டும்; இல்லையேல் வெளியே துருத்தும்.

தறியில் மிஞ்சும் பாவு நூலையே (நீளவாட்டில் ஓடும் நூல்) பயன்படுத்தலாம், முக்கால் மீட்டருக்குக் குறையாமல் இருந்தால். அதில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் அலசிக் காயவைக்காவிட்டால் பின்னல் விறைக்கும், மடிப்பில் நூல் பிசிறும். ஒற்றை இழை மெலிசு, பத்துப் பன்னிரண்டை ஒன்றாக்க வேண்டும்.

இனி முனை. தட்டிலிருந்து எடுத்தவுடன் கத்தரி வைக்காதீர்கள். வெட்டப்போகும் இடத்தை மெழுகு நூலால் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு இறுகச் சுற்றி முடிச்சிட்ட பிறகே வெட்ட வேண்டும். வெட்டிய முனையில் மாட்ட, உள்விட்டம் பின்னலின் பருமனோடு பொருந்தும் மூடி வாங்குங்கள். தளர்ந்த மூடியைப் பசையால் நிரப்புவது ஏமாற்று வேலை. உடனே ஒட்டும் பசை நூலில் ஊறி விறைப்பாக்கும், வெள்ளை பூக்கும், இழுத்தால் விட்டுவிடும். இரண்டு குழாயிலிருப்பதைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசையைத் தடவி, மூடியை மாட்டி, ஒரு நாள் முழுக்கக் கொக்கி மாட்டாமல் வையுங்கள்.

பயிற்சி நடத்துவோர் இரண்டாவது நாள் ஒன்றை ஒதுக்கி, முனை கட்டுவதை மட்டும் சொல்லித்தர வேண்டும்.

— நூல் கைவினைப் பயிற்றுநர்கள்,
பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம்.