கால்களையும் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

நீரிழிவு உள்ளவர்களின் கால்களுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் ஒடுங்கிப்போகக்கூடும் என்பதை, என் அண்ணா இடது காலில் இரண்டு விரல்களை இழந்த பின்னரே நான் அறிந்துகொண்டேன்.

பல வருடங்களாகச் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுத்துவந்த அவர், வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகும் வழியில் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறதென்று கடை வாசல்களில் நின்று நின்று நடந்ததையும், சற்று நின்றதும் வலி விட்டுப்போனதையும், நாங்கள் வயதின் தளர்ச்சி என்றே எண்ணினோம். நடக்கும்போது தசைக்குத் தேவைப்படும் குருதியை ஒடுங்கிய நாடியால் கொடுக்க முடியாமையே அவ்வலிக்குக் காரணம். நரம்புகள் பழுதடைந்த நீரிழிவு நோயாளர் பலருக்கு இந்த எச்சரிக்கை வலிகூடத் தெரிவதில்லை. ஆடிவேல் தேரின் பின்னே வெறுங்காலுடன் நடந்தபோது அண்ணாவுக்கு ஏற்பட்ட சிறு காயமும் அப்படித்தான் நோகவில்லை. விரல் கறுத்த பிறகே கண்டோம். பாதம் குளிர்ந்திருக்கிறதென்று அதற்கு முன்னர் நான் சுடுதண்ணீரில் கால் வைக்கச் சொன்னதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். உணர்வு குறைந்த கால் வெந்தாலும் தெரியாது.

மாதந்தவறாமல் கிளினிக் சென்றவர் அவர். சீனியும் பிரஷரும் ஒவ்வொரு முறையும் பார்க்கப்பட்டன. சப்பாத்தைக் கழற்றச் சொன்னவர் எவருமில்லை. ஒரே காலையில் பெருங்கூட்டத்தைப் பார்க்கவேண்டிய வைத்தியர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் விரல் வைத்து நாடித்துடிப்பைத் தேட ஓரிரு நிமிடங்கள் போதும். பயிற்சி பெற்ற தாதியரும் அதைச் செய்யலாம். சந்தேகம் எழுந்தால், கணுக்காலின் குருதி அமுக்கத்தைக் கையின் அமுக்கத்தோடு ஒப்பிடும் வலியற்ற பரிசோதனை இருக்கிறது, விகிதம் 0.90 அல்லது அதற்குக் குறைவாயின் நாடி ஒடுங்கியிருப்பதாகக் கொள்வர். நீரிழிவினால் நாடிச்சுவரில் கல்சியம் படிந்து விறைத்திருந்தால் விகிதம் பொய்யாக உயர்ந்து 1.40ஐயும் தாண்டக்கூடும் என்பதால், அத்தகையோருக்குக் கால்விரலின் அமுக்கத்தை அளப்பது அவசியம். இது காலோடு நிற்கும் நோயுமன்று. கால் நாடி ஒடுங்கியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து அதிகம், புகைப்பவராயின் இன்னும் அதிகம்.

ஆகவே, வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு நீரிழிவு நோயாளரின் பாதங்களையும் பரிசோதித்துக் கிளினிக் கொப்பியில் பதியுமாறு சுகாதார அதிகாரிகளை வேண்டுகிறேன். வரிசையில் காத்திருப்போர் காலணியையும் காலுறையையும் முன்னதாகவே கழற்றி ஆயத்தமாக இருக்குமாறு, தமிழிலும் ஓர் அறிவித்தலைச் சுவரில் ஒட்டினால் வைத்தியரின் நேரமும் மிஞ்சும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.