சொல்லிவிட்டுத் தொடுங்கள்

கடலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிரசவ அறைப் பணியில் இருக்கும் செவிலியச் சகோதரிகளுக்கு,

வணக்கம். 2011 டிசம்பர் 30 அன்று காலையில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த நேரத்தில், நான் இடுப்பு வலியோடு பிரசவ அறைக் கட்டிலில் கிடந்தேன். மின்சாரம் இல்லை. வெளியே ஒரு தகர ஷீட் சுவரில் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தது. பணியிலிருந்த சிஸ்டர் டார்ச்சை ஆயாவிடம் கொடுத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டே, "இப்ப உள்ள கை வெச்சுப் பாக்கப் போறேம்மா, கொஞ்சம் சில்லுன்னு இருக்கும், வாயால மூச்சு விடு" என்றார். பார்த்து முடித்ததும், "ஏழு சென்டிமீட்டர் தெறந்திருக்கு, நல்லா வந்துட்ட" என்று சொல்லி, விலகியிருந்த துணியை என் முழங்கால்வரை இழுத்துவிட்டார். அந்தப் புயலில் எனக்கு மற்றவை எல்லாம் பயமாகத்தான் இருந்தன. அந்தக் கைக்கு மட்டும் நான் பயப்படவில்லை.

இரண்டாவது பிரசவம் வேறொரு மருத்துவமனையில் நடந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். புயலும் இல்லை, மின்வெட்டும் இல்லை. கட்டிலைச் சுற்றி மறைப்பும் இல்லை. சிஸ்டர் வந்தார், எதுவும் சொல்லாமல் கையை உள்ளே விட்டார், பின்னால் நின்ற மூன்று மாணவிகளிடம் எண்ணைச் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. நான் கத்தியபோது கேட்ட வார்த்தை, பிள்ளை பெற்ற பெண்களில் பலர் கேட்டிருக்கக்கூடியதுதான். புருஷனைச் சேர்த்துச் சொல்லப்படும் அந்த வசையை இங்கே எழுத மனம் வரவில்லை.

இதை வெறும் மனவருத்தம் என்று நீங்கள் ஒதுக்கமாட்டீர்கள். ஏனென்றால் பயந்த உடம்பில் அட்ரினலின் கூடுவதும், அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதும் என்னைவிட உங்களுக்கே நன்கு தெரியும். வழக்கமான உள்பரிசோதனைக்கு நான்கு மணி நேர இடைவெளி போதும் என்றும், வயிற்றை மேலிருந்து அமுக்கிப் பிள்ளையை வெளியே தள்ளக் கூடாது என்றும், தாய் விரும்பும் ஒருவர் உடன் இருக்கட்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் மறைப்பையும் பிரசவத் துணையையும் வலியுறுத்துகிறது. 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு, தொடர்ந்து யாரேனும் பக்கத்தில் இருந்து தேற்றினால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது என்கிறது. வராந்தாவில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவை உள்ளே அழைப்பது ஆகவே நீங்கள் காட்டும் சலுகை அன்று. அதுவும் சிகிச்சையில் ஒரு பங்கு.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே இரவில் நான்கைந்து பேர் வலியில் இருக்க, ஒருவரே எல்லாக் கட்டிலுக்கும் ஓடி, இடையில் பதிவேட்டையும் நிரப்பி, அதையும் தொகுப்பூதியத்தில் செய்கிறவர் உங்களில் பலர். கூடுதல் பணியிடங்களுக்காக நீங்கள் குரல் கொடுக்கும்போது தாய்மார்களும் உடன் நிற்க வேண்டும், நான் நிற்பேன். ஆனால் தானே புயல் அன்று அந்த சிஸ்டரும் தனியாகத்தான் இருந்தார். அவர் சொன்ன வாக்கியத்துக்குக் கையுறை மாட்டும் நேரம்கூட ஆகவில்லை.

ஆகவே நான் கேட்பது சிறியது. தொடும் முன் சொல்லுங்கள், அவள் தலையசைக்கும்வரை ஒரு நொடி பொறுங்கள், பார்த்ததை முதலில் அவளிடம் சொல்லுங்கள். மாணவிகள் உடன் இருந்தால் அவர்கள் நிற்கலாமா என்று அவளிடமே கேளுங்கள். நீங்கள் கேட்பதைப் பார்த்துத்தான் அவர்களும் கேட்கப் பழகுவார்கள். திரைச்சீலை இல்லாத அறைகளுக்கு அதை வாங்கித் தருமாறு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குத் தனியே மனு எழுதியிருக்கிறேன். அதில் உங்களில் யாரேனும் கையெழுத்திட முன்வந்தால், அதன் நகலை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
திருப்பாதிரிப்புலியூர்.