யாரும் கலைந்து செல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போரில் மாண்டவர்களுக்காக நடந்த மெழுகுவர்த்தி அஞ்சலி பற்றிய உங்கள் செய்தி, ‘சிறிது நேரம் மௌனமாக நின்றுவிட்டுக் கலைந்து சென்றனர்’ என்று முடிகிறது. தடியடி நடத்தினால் கூட்டம் கலையும். மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, கடைசிப் பெயர் வரை காது கொடுத்துக் கேட்டவர்களைப் பற்றி அப்படி எழுதலாமா?

அது ‘சிறிது நேரம்’ இல்லை. ஒரு பெயர், வயது, ஒரு மூச்சு இடைவெளி: ஆறு நொடி ஆகும். 200 பெயர்களுக்கு 20 நிமிடம். ஒருவரே வாசித்தால் பாதியில் குரல் கம்மிவிடும், பின்னால் வரும் பெயர்களை அவசரமாகத் தள்ளிவிடத் தோன்றும். அதனால்தான் 20 பெயருக்கு ஒருமுறை ஆள் மாறுகிறோம். வேற்றுமொழிப் பெயர் என்றால் அந்த மொழிக்காரரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அசை பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பெற்றவள் எதிரே நிற்க, பிள்ளையின் பெயரைத் தடுமாறி வாசிப்பதைவிடப் பெரிய பிழை இதில் இல்லை. இரு தரப்பாரையும் நாடு பிரிக்காமல் ஒரே அகர வரிசையில் வாசிக்கலாம் என்று எல்லோரையும் சம்மதிக்க வைப்பதற்குள் எத்தனை பேச்சு, எத்தனை மனத்தாங்கல்! உங்கள் செய்தியில் அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை. வந்திருந்த பிரமுகர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மௌனம் முடிந்தபின் உங்கள் புகைப்படக்காரர் பிள்ளைகளை மறுபடி ஏற்றச் சொல்லி, சுடரை முகத்தருகே பிடிக்கச் சொன்னார். ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. எரியும் மெழுகுவர்த்தி நிமிர்ந்தே இருக்க வேண்டும், எரியாததுதான் அதனிடம் சாய வேண்டும். எரிவதைச் சாய்த்தால் திரியைச் சுற்றித் தேங்கிய மெழுகு அப்படியே அடுத்தவர் கையில் கொட்டும். அன்று அதுதான் நடந்தது. மெழுகு வழியாமலிருக்க உள்ளங்கை அகல அட்டையில் சிலுவைபோல் கீறிச் செருகுகிறோம். காகிதக் குவளையின் அடியில் செருகினால் காற்றுக்கு மறைப்பாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். மெழுகுவர்த்தி எரிந்து குட்டையாக ஆகச் சுடர் விளிம்புக்குக் கீழே இறங்கிக் குவளையே பற்றிக்கொள்ளும். காற்றுள்ள இடத்துக்கு, இரண்டு விரற்கடை மணல் போட்ட கண்ணாடிக் குடுவைதான் சரி. சிறு பிள்ளைகளுக்கு பேட்டரி விளக்கு போதும்.

சென்ற ஆண்டு உங்கள் தலையங்கம், ‘மெழுகுவர்த்தி ஏற்றினால் குண்டு நின்றுவிடுமா?’ என்று கேட்டது. அன்றே எழுதியிருக்க வேண்டும். ஏற்றுகிறவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1989 அக்டோபர் 9 அன்று அன்றைய கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆட்சியை எதிர்த்துச் சுமார் 70,000 பேர் தெருவில் இறங்கியதும், அவர்களில் பலர் மெழுகுவர்த்தி ஏந்தி நடந்ததும், துப்பாக்கி வெடிக்காமலே அந்த இரவு முடிந்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு கை மெழுகுவர்த்தியைப் பிடிக்கும், மறு கை காற்றை மறைக்கும். கல் எடுக்கக் கை மிச்சமிருக்காது.

‘கலைந்து சென்ற’ பிறகு நடந்ததையும் கேளுங்கள். தரையில் சிந்திய மெழுகு சூடாக இருக்கும்போது துடைத்தால் இழுபட்டுப் பரவும். இறுகவிட்டு மரத்தகட்டால் சுரண்ட வேண்டும். விட்டுவிட்டால் காலையில் நடப்பவர் வழுக்கி விழுவார். முப்பது பேர் மண்டியிட்டுச் சுரண்டினார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர்களின் உறவினரும் அதில் இருந்தார்கள்.

நாங்கள் கேட்பது இரண்டுதான். அடுத்த அஞ்சலியின் அறிவிப்பைச் சுருக்கினாலும், ‘பருத்தி ஆடை, முடிந்த கூந்தல், கண்ணாடிக் குடுவை’ என்ற வரியை வெட்டாதீர்கள். போன முறை அதைத்தான் வெட்டினீர்கள். வாசித்த பெயர்களின் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறோம். பொடி எழுத்தானாலும் சரி, ஒருநாள் முழுமையாக வெளியிடுங்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
அஞ்சலி ஏற்பாட்டுக் குழுவினருக்காக,
ஒரு வாசகர்