அட்வான்ஸ் கைக்கு வந்தால்தானே வீடு மாற முடியும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் தாம்பரம் தாண்டிப் போய்விட வேண்டியதுதானே, எதற்கு இந்தப் புலம்பல் என்று இதே பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்படிப் போனவள் எழுதுகிறேன். நங்கநல்லூரிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. போவதென்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு ராத்திரி போதும். எப்போது போவது என்பதைத்தான் நாங்கள் முடிவு செய்ய முடியவில்லை.

2016-ல் நங்கநல்லூர் வீட்டுக்குப் போனபோது வாடகை 12,000. அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 1,20,000. வாடகை ஏறி ஏறி 17,000 ஆனது. 2025 ஜூனில் ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்து, செப்டம்பரிலிருந்து 19,000 என்றார். பாரிமுனையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதி நான் வாங்கும் சம்பளமும், என் கணவருடைய சொற்பப் பென்ஷனும்தான் எங்கள் வருமானம்.

நியாயமாகப் பார்த்தால் நாங்கள் ஒரு வருடம் முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டும். மகள் பத்தாவது முடித்த அந்த மே மாதம்தான் சரியான சமயம். பிளஸ் ஒன்னுக்கு எப்படியும் புதுப் பள்ளியில் சேர்க்கலாம், அவளுக்கும் பெரிதாகத் தெரியாது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இவர் தள்ளிப்போட்டார்; நானும் விட்டுவிட்டேன். இப்போது அவள் பிளஸ் டூ. நடுவில் போய் டி.சி. கேட்க எந்த அம்மாவுக்கு மனம் வரும்? காலையில் என்னோடு மின்சார ரயிலில் ஏறி, பழவந்தாங்கலில் இறங்கிப் பழைய பள்ளிக்கே போகிறாள். தாம்பரம் வரை அடிக்கடி வண்டி உண்டு. செங்கல்பட்டு வண்டி அப்படியில்லை, ஒன்றை விட்டால் பிளாட்பாரத்திலேயே அவள் ஒரு பாடம் படித்து முடித்துவிடுவாள்.

ஓனர் வாடகையை ஏற்றுவதற்கு முந்தைய ஐப்பசியிலேயே, சும்மா கேட்டு வைப்போம் என்று முடிச்சூர் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். வாடகை 9,000 தான். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, தெருவில் தண்ணீர் இல்லை. உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மாமியார் மட்டும் கொல்லைப்புறம் போய்விட்டு வந்து, "மோட்டாரை எதுக்கு நெஞ்சு உயரத்துக்கு மேடை கட்டி வச்சிருக்கான்?" என்று கேட்டார். அப்புறம்தான் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தேன். அவர்கள் பெயின்ட் அடிக்கவில்லை. இடுப்பு உயரத்தில் செம்மண் நிறத்தில் ஒரே நேர்க்கோடு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அந்தப் பக்கத்தை என்ன பாடு படுத்தியது என்பது ஊருக்கே தெரியும். அதே வீட்டைச் சித்திரையில் பார்த்திருந்தால் அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

சரி, ஜூலை முதல் தேதி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தேடினோம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது புரோக்கர்களுக்கு நல்ல வசதி. எந்த வீட்டைக் காட்டினாலும் "கிளாம்பாக்கம் பக்கம்தாம்மா" என்று சொல்லியே ஆயிரம் ஏற்றுகிறார்கள். நாங்கள் பிடித்த வீட்டுக்கு ஆனியில் 12,000, ஒரு ரூபாய் குறையாது என்றார் அந்த ஓனர். ஆடி பிறந்தது. வீடு பார்க்க ஒருவரும் வரவில்லை போலிருக்கிறது, முதல் வாரத்திலேயே அவரே போன் செய்தார். வாடகை 11,000 ஆனது. 1,20,000 கேட்டிருந்த அட்வான்ஸ் 60,000 ஆனது. ஆடியில் குடி போவதா என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பதினெட்டாம் பெருக்கு அன்று, ஆகஸ்ட் 3 ஞாயிற்றுக்கிழமை, பால் காய்ச்சினோம். அந்த ஒரு நாளுக்கு அவராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஆவணி பிறந்ததிலிருந்து வாடகை கொடுத்தால் போதும் என்று புது ஓனர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அந்த 60,000-க்கு எங்கே போவது? எங்கள் 1,20,000 ஒன்பது வருடமாக நங்கநல்லூர் மாடியில் வட்டியில்லாமல் தூங்குகிறது. கேட்டால், "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், தருகிறேன்" என்கிறார். சரி, நோட்டீஸ் காலத்து இரண்டு மாத வாடகையையாவது அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அந்த வழக்கமே இல்லம்மா." என் ஒரு ஜோடி வளையல் வங்கிக்குப் போனது. ஆகஸ்ட் 31 அன்று சாவி கொடுத்தேன். கரன்ட் பில் யார் கணக்கு என்று பிறகு சண்டை வரக்கூடாதென்று மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பணம் இரண்டு தவணையாக செப்டம்பர் கடைசியில் வந்தது, பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு. ஒன்பது வருடத்தில் இரண்டு முறை நாங்களே எங்கள் செலவில் வெள்ளையடித்த வீடு அது.

கணக்கு எழுதுபவள் என்பதால் இதையும் எழுதி வைத்திருக்கிறேன். பெயின்டிங் 17,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 11,000. குட்டி யானை இரண்டு நடையும் ஏற்றி இறக்கும் கூலியும் 7,000. ஏ.சி. கழற்றி மாட்ட 2,500. ஆகஸ்டில் இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுத்த வகையில் 5,500. நகைக்கடன் வட்டி 900. ஆக 43,900. 19,000-க்குப் பதில் 11,000 என்றால் மாதம் 8,000 மிச்சம். சீசன் டிக்கெட், ஷேர் ஆட்டோ என்று ஆயிரம் கூடுதலாகப் போகிறது. மீதி 7,000. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆறு மாதத்தில் 42,000. தை பிறந்தும் வழி பிறக்கவில்லை, பங்குனியில்தான் லாபக் கணக்கே ஆரம்பிக்கிறது. அந்த வாசகர் இதை யோசித்திருக்க மாட்டார்.

2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பணத்துக்கு அது சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. இதைப் புரோக்கரிடம் சொன்னபோது, "சட்டம் பேசினா வீடு கிடைக்காதும்மா" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்கும் அவரோடு சண்டை போடத் தெம்பில்லை.

இதைப் படிக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நோட்டீஸ் கொடுத்துவிட்டவர்களிடம் அந்த இரண்டு மாத வாடகையைக் கையில் கேட்காதீர்கள், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 34,000 மிஞ்சியிருந்தால் ஒரு வளையலாவது வீட்டில் இருந்திருக்கும். பெயின்டிங்குக்குப் பிடிக்க உங்களிடம் அப்போதும் மீதி இருக்கும்.

பழைய வீட்டு வாசலில் டூ-லெட் போர்டு தொங்குவதை மகள் பள்ளி விட்டு வரும்போது பார்த்துவிட்டு வந்து சொல்வாள். தீபாவளி போனது, மார்கழியும் போனது. தை மாதம்தான் ஒரு குடும்பம் வந்ததாம். 17,000-க்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடுவாஞ்சேரி.