எங்கள் வேட்டையர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயலவை இவ்வாண்டு ஆறு முறை கூடியது. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆகஸ்டில் கோலாலம்பூர் செந்தூலில் நடந்த கலந்துரையாடலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மகளைப் பார்க்க அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போயிருந்த நம் துணைத்தலைவர், அங்கே மான் வேட்டைப் பருவத்தில் கண்டதை விவரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் மானைச் சுட்டு வந்ததும் இறைச்சியை உறைபெட்டியில் வைத்துவிட்டார். கழுத்தில் நான்கு விரற்கடை விட்டுத் தலையை அறுத்து, கொம்பை நீக்கி, பையில் கட்டி, சுட்ட இடத்தைச் சீட்டில் எழுதிச் சேகரிப்புப் பெட்டியில் போட்டாராம். கழுத்து நிணநீர்க் கணுவின் சோதனை முடிவு வரும்வரை அந்த வீட்டில் மான்கறி அடுப்பேறவில்லை.

காரணம், நாள்பட்ட மெலிவு நோய். 1967இல் கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தென்பட்டது. பிரியான் என்னும் உருக்குலைந்த புரதம் மூளையை அரித்துவிடுகிறது. எச்சில், சிறுநீர், புழுக்கை வழியே மண்ணில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும், சமைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே அங்குள்ள அறிவுரை.

மந்தையையே சுட்டுத் தீர்த்தால் என்ன என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நார்வே அதைச் செய்தது. 2016இல் காட்டுப் பனிமான்களிடம் நோய் தெரிந்ததும், அவை வாழ்ந்த மலைப்பகுதியின் ஏறத்தாழ 2,000 மான்களையும் 2018க்குள் அகற்றியது. விஸ்கான்சினில் 2002இல் தொடங்கிய அதே முயற்சி, வேட்டைக்காரர்களும் நிலக்காரர்களும் ஒத்துழைக்காமல் கைவிடப்பட்டது. முதிர்ந்த ஆண்மான்களிடம் நோய் மிகுதி. கொம்பு பெரிதாகட்டும் என்று அவற்றை விட்டுவைப்பதும், தீனி போட்டு மான்களை ஓரிடத்தில் கூட்டுவதும் நோய்க்கு நாமே வழி திறந்துவிடுவதாகும் என்பது என் கருத்து.

நம் மலேசியக் காடுகளில் இந்த நோய் கண்டறியப்படவில்லை. கடமானோ அருகிவரும் இனம். அதைக் குறிவைப்பதில்லை என்ற நம் தீர்மானம் தொடர்கிறது. நமக்கு உடனடிக் கவலை காட்டுப்பன்றிதான். 2021இல் நம் சபா மாநிலத்தில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அங்குள்ள தாடிப்பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நம் சப்பாத்திலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ரவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஓடையோரம் இரண்டு பன்றிகள் செத்துக் கிடந்தன. குண்டுக் காயமோ கண்ணித் தடமோ இல்லை. மூக்கோரம் ரத்தம் காய்ந்திருந்தது. தொடாமல் திரும்பி, கால்நடைத் துறைக்கும் வனவிலங்குத் துறைக்கும் தகவல் சொன்னோம். அன்றைய வேட்டையை நான் ரத்து செய்தேன். பண்டிகைக்கு இறைச்சிக் கூறு கிடைக்காத குடும்பங்களின் வருத்தம் என் காதுக்கும் வந்தது. அவர்கள் எதிர்பார்த்தது நியாயமே. ஆனாலும் அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் இதே முடிவைத்தான் எடுப்பேன்.

இனிக் குடலையும் தோலையும் புதரில் எறியாமல் அங்கேயே ஆழமாகப் புதைக்க வேண்டும். சப்பாத்தையும் வண்டிச் சக்கரத்தையும் தோட்ட வாசலிலேயே கழுவ வேண்டும். இதற்காக மண்வெட்டி இரண்டும், தொட்டி ஒன்றும், கிருமிநாசினியும் வாங்க இந்தப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்