தேவையான அளவு என்றால் எவ்வளவு?

மதிப்பிற்குரிய தோட்டக்கலை அலுவலர்களுக்கு, வணக்கம்.

தக்காளி இலைக்கருகலுக்கு நீங்கள் அனுப்பிய துண்டுத்தாள் தை மாதம் கைக்கு வந்தது. கார்த்திகை மழையிலேயே அடியிலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி விழுந்து, நோய் காய்க்கொத்துவரை ஏறிவிட்டிருந்தது. தாளில் இருந்ததோ ஒரே வரி: "வேப்பங்கொட்டைச் சாற்றைத் தேவையான அளவு தெளிக்கவும்."

உளுந்துச் சாம்பல் நோய்க்கு 5 சதவீதச் சாறு, 10 நாள் இடைவெளியில் 2 முறை என்று தெளிவாகச் சொல்கிறீர்கள். தக்காளிக்கு மட்டும் ஏன் இந்த மழுப்பல்?

5 சதவீதம் என்றால் 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. 10 லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு அரைக் கிலோ. 5 கிலோ பருப்பையும் இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பால்போல் வெளுக்கும்வரை கட்டையால் கலக்கி, துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, 100 லிட்டராக்க வேண்டும். சரியாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். வரிசைக்கு வரிசை கழற்றி ஊதிக்கொண்டே போனால் சாறு ஒரு செடியில் வழியும், அடுத்த செடியில் படாது. படாத இடத்தில்தான் பூசணம் பிடிக்கிறது. சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் சாறு இலையில் நிற்காமல் உருண்டோடும். அந்தக் கரைசலை அதிகமாக ஊற்றினால் இலை விளிம்பு தீயும். அதையும் நோயென்று எண்ணி மறுபடி தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் அடித்தால் வீரியம் போகும், மாலை 3.30க்கு மேல்தான் தெளிக்க வேண்டும். மழை கழுவினால் திரும்பத் தெளிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இது வருமுன் காக்கும் மருந்து. கருகிய இலையைப் பச்சையாக்காது. அந்த இலைகளைக் கிள்ளி வயலுக்கு வெளியே அப்புறப்படுத்திய பிறகே தெளிக்க வேண்டும்.

இதில் ஒரு வரியாவது தாளில் உண்டா? கடையில் வாங்கும் பூசணக்கொல்லி டப்பாவில்கூட லிட்டருக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறது. இயற்கை வழிக்கு மாறுங்கள் என்று கூட்டம் போட்டுச் சொல்கிறவர்கள் அளவைச் சொல்லவில்லை என்றால், விவசாயி அந்த டப்பாவுக்கே திரும்பிப் போவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பருப்பிலும் கவனம் வேண்டும். 3 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், 8 மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தின் கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்தால் ஐப்பசி மழைக்குச் சரியாக இருக்கும். கொட்டை சேகரிக்க ஆடியிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

அளவும் முறையும் அச்சிட்ட தாளை ஐப்பசிக்கு முன் கொடுங்கள். தையில் வேண்டாம், ஐப்பசிக்கு முன். ஊருக்கு ஒரு வயலில் ஒரு மாலை வந்து கலக்கிக் காட்டினால் இன்னும் நல்லது. தயவுசெய்து இதைச் செய்துகொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலூர் பக்கத்துத் தக்காளி விவசாயிகள்